வெறும் எண்ணெய்

அன்புள்ள ஐயா,

கிருஷ்ணகிரியில் பி.ஃபார்ம் இறுதியாண்டு படிக்கிறேன். சொந்த ஊர் அஞ்செட்டிப் பக்கம். என் ஆயா நொச்சி இலைச்சாற்றை நல்லெண்ணெயில் காய்ச்சி மூட்டுவலிக்குத் தருவார். புராஜெக்டுக்காக அதை எலிகளில் சோதித்தோம். காலில் வீக்கம் வரவழைத்து, ஒரு குழுவுக்கு எதுவும் தடவாமல் விட்டோம். இன்னொன்றுக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி ஜெல், மூன்றாவதற்கு ஆயாவின் எண்ணெய். எண்ணெய் தடவிய எலிகளுக்கு வீக்கம் நன்றாகக் குறைந்தது. முன்னோர் அறிவு நிரூபணமாகிவிட்டது. இயற்கையானது என்பதால் பக்கவிளைவும் கிடையாது. இதைப் பற்றித் தமிழில் கட்டுரை எழுத ஆசை. எப்படித் தொடங்குவது? காப்புரிமை வாங்கலாமா?

கா.

அன்புள்ள கா.,

ஆயாவின் எண்ணெயைச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதே, எனக்கு அவ்வளவு சந்தோஷம். கொஞ்ச நாளாக நானும் எண்ணெயைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

காப்புரிமையை விடுங்கள். ஊர் ஊராகக் காய்ச்சுகிற எண்ணெய் அது. ஆனால் 'இயற்கையானது என்பதால் பக்கவிளைவு கிடையாது' என்ற வரியை மருந்தியல் படிக்கிற பெண் எழுதலாமா? எருக்கம்பாலும் இயற்கைதான். கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று ஆயாவிடமே கேளுங்கள். ஊட்டியில் விற்கிற வின்டர்கிரீன் எண்ணெயை மூட்டில் தேய்த்தால் இதமாக இருக்கும். அதையே ஒரு குழந்தை ஒரு டீஸ்பூன் குடித்துவிட்டால், 20 ஆஸ்பிரின் மாத்திரைக்கு மேல் விழுங்கியதற்குச் சமம். அந்த வரியை இன்றைக்கே அடித்துவிடுங்கள்.

எங்கள் அப்பா பென்னாகரத்தில் புளி வியாபாரம் செய்தார். மூட்டை தூக்கித் தூக்கி வலது தோள் போய்விட்டது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் போவார், கூட நானும். பாறைமேல் துண்டு விரித்து உட்காரவைத்து ஒருவர் எண்ணெய் தேய்த்துவிடுவார். அவருடைய கட்டைவிரல் தோள்பட்டை எலும்பின் ஓரமாகவே ஊர்ந்துபோய் ஓரிடத்தில் நிற்கும். அங்கேயே அழுத்திப் பிடித்துக்கொள்வார். அப்பா பல்லைக் கடிப்பார். அருவியில் குளித்துவிட்டு வந்தால் அப்பாவின் கை தலைக்கு மேல் போகும்.

அந்த எண்ணெயில் மலையிலிருந்து வரும் ஏதோ வேர் இருக்கிறது என்பது அப்பாவின் நம்பிக்கை. கேட்டுக்கேட்டு ஒருநாள் அந்த மனிதர் சொல்லிவிட்டார். "கடையில வாங்குற நல்லெண்ணெய்தாண்ணே. கொஞ்சம் விளக்கெண்ணெய் கலப்பேன், கை நிக்கும்." வீடு வந்து சேரும்வரை அப்பா பேசவே இல்லை. அடுத்த மாதமும் போனார். அப்போதும் கை தலைக்கு மேல் போனது.

அந்தத் தோளில் வேலை செய்தது எது? உங்கள் எலிகளிடம் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி இதுதான். நொச்சி, நல்லெண்ணெய், தேய்க்கும் விரல் என்று மூன்று சேர்ந்துதான் அந்தக் காலில் பட்டிருக்கின்றன. நீங்கள் அதை எதுவுமே படாத காலோடு ஒப்பிட்டுவிட்டு, பெருமை முழுவதையும் நொச்சிக்குக் கொடுக்கிறீர்கள். மற்ற இரண்டும் என்ன பாவம் செய்தன? வெறும் நல்லெண்ணெயை அதே அளவு எடுத்து, அதே விரலால் அத்தனை முறை தேய்த்த எலிகள் எங்கே? அந்த நான்காவது குழு இல்லாமல் நிரூபணம் என்ற சொல்லைத் தொடாதீர்கள்.

மனிதர்களிலும் இதே கதைதான். மூட்டுத் தேய்மானத்துக்கு டைக்ளோஃபெனாக் தடவிப் பார்த்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், 6 முதல் 12 வாரத்தில் பத்துப் பேரில் ஆறு பேருக்கு வலி நன்றாகக் குறைந்திருக்கிறது. மருந்தே இல்லாத வெறும் ஜெல் தடவியவர்களில்? பத்துக்கு ஐந்து! மருந்து தனியாகச் சம்பாதித்தது அந்த ஒருவரை மட்டும்தான். மற்ற ஐந்து பேருக்குக் குறைந்ததில் நாள்போக்கில் தானாகத் தணிந்த வலி உண்டு, நம்பிக்கை உண்டு, தேய்த்த கையும் உண்டு. அடிபட்ட இடத்தை நாம் உடனே தேய்த்துக்கொள்கிறோம் அல்லவா? தொடுகையின் செய்தி முதுகுத்தண்டிலேயே வலியின் செய்தியை மறிக்கிறது என்று 1965இல் மெல்சாக், வால் என்ற இரண்டு ஆய்வாளர்கள் விளக்கினார்கள். கையைக் கழித்துப் பார்த்தால்தான் இலையின் பங்கு தெரியும்.

நீங்கள் கால் வீங்கவைத்தது கராஜீனன் என்ற கடற்பாசிப் பொருளை ஊசியில் ஏற்றித்தான் என்று நினைக்கிறேன். 1962 முதல் நடக்கிற சோதனை, நல்லதுதான். வீக்கத்தை உண்டாக்குபவை உடலே சுரக்கும் வேதிப்பொருள்கள்: முதல் ஒன்றிரண்டு மணி நேரம் ஹிஸ்டமின் வேலை, அப்புறம் புரோஸ்டகிளாண்டின். ஆயாவின் எண்ணெய் எந்த மணியில் வீக்கத்தைக் குறைத்தது என்று குறிப்பேட்டைப் பாருங்கள். அந்த வீக்கத்துக்கு வயது நாலு மணி நேரம், ஆயாவின் முழங்காலுக்கு எத்தனை வருடம் என்பதையும் மறக்க வேண்டாம்.

சரி, நான்காவது குழுவுக்கு எண்ணெய் தயாரிப்பது எப்படி? புட்டியிலிருந்து அப்படியே ஊற்றிவிடாதீர்கள். ஆயா சாறு சுண்டும்வரை காய்ச்சி, அடியில் தங்கும் வண்டலைத் திரிபோல உருட்டி நெருப்பில் காட்டுவார், பார்த்திருப்பீர்கள். சடசடக்காமல் எரிந்தால் ஈரம் போய்விட்டது, இறக்கலாம். அத்தனை நேரச் சூடு வெறும் எண்ணெய்க்கும் கிடைக்க வேண்டும். சாற்றுக்குப் பதிலாக அதே அளவு தண்ணீர் ஊற்றி, அது வற்றும்வரை காய்ச்சச் சொல்லுங்கள். தேய்ப்பவர் ஒருவர், வீக்கத்தை அளப்பவர் இன்னொருவராக இருக்கட்டும். எந்த எலிக்கு எது என்று அளப்பவருக்குத் தெரியக் கூடாது. நொச்சி வாசனை காட்டிக்கொடுக்கும், அளக்கும் முன் கால்களைத் துடைத்துவிடுங்கள்.

கூடுதல் எலிகளுக்கு நெறிமுறைக் குழுவிடம் மறுபடி அனுமதி கேட்க வேண்டியிருக்கும். கேளுங்கள். கட்டுரை காத்திருக்கும். இலையே இல்லாமல் எண்ணெய் காய்ச்சுவதா என்று ஆயா கோபித்துக்கொண்டால், நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.