அலுவலகக் காலண்டர்: யாருக்கு எவ்வளவு காட்டலாம்?

கேள்வி: 12 பேர் கொண்ட குழுவை நடத்துகிறேன். மீட்டிங் வைக்க வசதியாக இருக்கட்டும் என்று என் கூகுள் காலண்டரில் எல்லோருக்கும் மாற்றம் செய்யும் அனுமதி கொடுத்திருந்தேன். போன வாரம் ஒரு முக்கியமான சந்திப்பு காலண்டரிலிருந்து காணாமல் போய்விட்டது. பிரைவேட் என்று குறித்து வைத்த மருத்துவர் அப்பாயின்ட்மென்ட்டைப் பற்றியும் ஒருவர் அக்கறையாக விசாரித்தார். எல்லாவற்றையும் மூடிவிட்டால் குழுவின் வேலை நின்றுவிடும். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் காணாமல் போன சந்திப்பை மீட்டுவிடுங்கள். கணினியில் காலண்டரைத் திறந்து, மேலே உள்ள பல்சக்கரப் படத்தை அழுத்தினால் குப்பைத்தொட்டி இருக்கும். நீக்கிய நிகழ்வுகள் அதில் ஏறத்தாழ 30 நாட்கள் இருக்கும். இதைத் தள்ளிப்போட வேண்டாம். மாற்றும் அனுமதி உள்ள யாரும் அந்தத் தொட்டியைத் திறக்கலாம், அங்கிருந்தும் நிரந்தரமாக அழிக்கலாம்.

அடுத்தது மருத்துவர் அப்பாயின்ட்மென்ட். பிரைவேட் என்று குறித்தால் யாருக்கும் தெரியாது என்றுதான் பலரும் நம்புகிறார்கள். பார்க்க மட்டும் அனுமதி உள்ளவர்களிடமிருந்து அது மறைக்கும். மாற்றும் அனுமதி உள்ளவர்களுக்கு அது முழுதாகவே தெரியும். ஆக, உங்கள் குழுவில் 12 பேருக்கும் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

கூகுளில் பகிர்வுக்கு நான்கு படிகள் இருக்கின்றன: நீங்கள் பிஸியா ஃப்ரீயா என்பது மட்டும் தெரிவது, விவரம் எல்லாம் தெரிவது, நிகழ்வுகளை மாற்றுவது, மாற்றுவதோடு பகிர்வையும் நிர்வகிப்பது. நான்காம் படியில் இருப்பவர் உங்களைக் கேட்காமலே இன்னொருவரை உள்ளே சேர்க்க முடியும்.

இதில் உங்கள் குழுவுக்குத் தேவை முதல் படி மட்டுமே. உங்களுடன் மீட்டிங் வைக்க யாரும் உங்கள் காலண்டருக்குள் எழுத வேண்டியதில்லை. அவர்கள் தங்கள் காலண்டரில் நிகழ்வை உருவாக்கி உங்களை விருந்தினராகச் சேர்த்தால் போதும். உங்கள் பிஸி நேரம் அங்கேயே தெரியும், அழைப்பு உங்களுக்கு வரும், ஏற்பதா வேண்டாமா என்பது உங்கள் கையில். ஏற்கெனவே அவர்கள் உங்கள் காலண்டரில் போட்டுவைத்தவை, அனுமதியைக் குறைத்தாலும் அழியாது. பயப்பட வேண்டாம்.

இடப்பக்கப் பட்டியலில் காலண்டர் பெயருக்கு அருகில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, பகிர்வு செட்டிங்ஸுக்குப் போங்கள். ஒவ்வொரு பெயராக முதல் படிக்கு இறக்குங்கள். அதே பக்கத்தில் நிறுவனத்தில் உள்ள அனைவருக்கும் காட்டுவது பற்றி ஒரு பெட்டி இருக்கும். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. அதில் முழு விவரம் என்று இருந்தால், தனித்தனியாக ஆட்களைக் குறைத்து எந்தப் பயனும் இல்லை. உங்கள் நாளை நிஜமாகவே நிர்வகிக்கும் உதவியாளர் இருந்தால், அவர் ஒருவருக்கு மட்டும் மூன்றாம் படி.

சரி, குழு முழுக்கச் சேர்ந்து எழுத வேண்டிய விஷயங்கள் இருக்குமே, விடுப்பு, வேலை முடிக்கும் தேதி, ஷிப்ட்? அதற்குப் புதிதாக ஒரு குழுக் காலண்டரைத் தொடங்கி, மாற்றும் அனுமதியை அங்கே தாராளமாகக் கொடுங்கள். ஒவ்வொரு பெயராகச் சேர்ப்பதைவிட குழு மின்னஞ்சல் முகவரிக்குப் பகிர்வது நல்லது. புதிதாக வருபவருக்குத் தானாக அனுமதி கிடைக்கும், குழுவை விட்டுப் போனவருக்குத் தானாக நின்றுவிடும். அந்தக் குழுக் காலண்டரை நிர்வகிக்க இரண்டு பேராவது இருக்கட்டும். ஒருவர் மட்டும் வைத்திருந்து, அவர் வேலையை விட்டுப் போய்விட்டால் குழுவே தவித்துப்போகும்.

ஒரு சின்ன விஷயம்: உங்கள் சொந்தக் காலண்டரில் முழு நாள் நிகழ்வாக விடுப்பைப் போட்டால் அது பெரும்பாலும் ஃப்ரீ என்றே பதிவாகும். பிஸி என்று மாற்றாவிட்டால் விடுப்பு நாளிலும் அழைப்புகள் வரும்.

கூகுளுக்குப் பதில் மைக்ரோசாஃப்டின் அவுட்லுக்கில் வேலை செய்பவர்களுக்கும் இதே யோசனைதான். அங்கே பிஸி நேரத்துக்கும் முழு விவரத்துக்கும் நடுவே, தலைப்பும் இடமும் மட்டும் காட்டும் ஒரு படி உண்டு. உங்கள் சார்பில் அழைப்புகளுக்குப் பதில் சொல்பவருக்கு டெலிகேட் என்று தனி அனுமதி. பிரைவேட் நிகழ்வுகளை டெலிகேட் பார்க்கலாமா என்பது தனித் தேர்வு, தேவையில்லாமல் அதை டிக் செய்யாதீர்கள். பிரைவேட் குறியை முழுதாக நம்ப வேண்டாம், மறைக்க வேண்டும் என்றால் படிக்கும் அனுமதியையே கொடுக்காதீர்கள் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது.

தலைப்பு வைப்பதிலும் கவனம் வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், தன்னை வேலையிலிருந்து எடுக்கப்போகிறார்கள் என்பதை ஒருவர் மேலாளரின் காலண்டரில் இருந்த தலைப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். அன்று அவர் முகத்தைப் பார்த்தது இன்றும் மனதில் இருக்கிறது. அனுமதியை யாரோ தப்பாகக் கொடுக்கும் நாள் என்றாவது வரும். அன்றும் ஒருவரைப் புண்படுத்தாத தலைப்பாக வையுங்கள். 'தனிச் சந்திப்பு' என்றால் போதும்.

இன்னொரு கதவும் இருக்கிறது. கூகுள் காலண்டர் செட்டிங்ஸில் ரகசிய முகவரி என்று ஒரு இணைப்பு உண்டு. வேறு செயலியில் காலண்டரைப் பார்க்க அது உதவும். அந்த இணைப்பு யார் கையில் இருந்தாலும் அவர்கள் எல்லா நிகழ்வுகளையும் படிக்கலாம், பகிர்வுப் பட்டியலில் அவர்கள் பெயர் வராது. எப்போதாவது யாருக்காவது அனுப்பியிருந்தால், அங்கேயே ரீசெட் செய்யுங்கள், பழைய இணைப்பு செத்துவிடும். வெளியாட்கள் உங்களிடம் நேரம் கேட்டால் காலண்டரைப் பகிராமல், காலியான நேரத்தை அவர்களே தேர்ந்தெடுக்கும் அப்பாயின்ட்மென்ட் பக்கத்தின் இணைப்பை அனுப்புங்கள்.

மாற்றங்களைச் செய்வதற்கு முந்தைய நாள் குழுவிடம் இரண்டு வரி சொல்லிவிடுங்கள். திடீரென்று அனுமதி பறிபோனால், தன்மேல் சந்தேகப்பட்டார்கள் என்றே ஒவ்வொருவரும் நினைப்பார்கள், அதுவும் ஒரு சந்திப்பு காணாமல் போன வாரத்தில். நீக்கியவர் யார் என்று தேடாதீர்கள். தன் திரையில் இருப்பது தன் காலண்டர் என்று நினைத்து யாரோ அழித்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அப்புறம், புதிய முறையில் அழைப்பு அனுப்புவது எப்படி என்று ஒருமுறை அவர்கள் முன்னால் செய்து காட்டுங்கள்.