முறுக்கு சுடும் அக்காக்களுக்கு அடுப்பா வேண்டும்?

தம்பி, மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் உங்கள் தோட்டத்து அக்காக்கள் சுடும் முறுக்கைக் கடைக்காரர் கடனுக்கு எடுத்துக்கொண்டு, பணத்தை இரண்டு மாதம் இழுத்தடிக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். நன்கொடை திரட்டி ஆளுக்கொரு அடுப்பு வாங்கித் தரலாமா என்கிறீர்கள். வேண்டாம். அடுப்பு இருக்கிறது, அடுத்த வாரம் எண்ணெய் வாங்கக் கையில் காசில்லை, அதுதான் சிக்கல்.

நீங்கள் நடுவில் நின்று, பாக்கெட் வந்த அன்றே காசு கொடுங்கள். கடைக்காரருக்குக் காத்திருக்கும் பாரம் உங்கள் முதலின் மேல் விழட்டும். மாவு, உளுந்து, எண்ணெயை மொத்தமாக வாங்கினாலே கொஞ்சம் மிஞ்சும். விலை போடும்போது கேஸ் செலவோடு அவர்கள் கூலியையும் சேருங்கள். பிழிகிற நேரத்தை யாருமே கணக்கில் எழுதுவதில்லை! தீபாவளி ஆர்டருக்குப் பாதி முன்பணம் வராமல் அடுப்பே பற்றவைக்காதீர்கள்.

அப்புறம் லாபம். ஒரு பகுதியை அவர்கள் பெயரிலேயே பங்காக வையுங்கள். நமக்கு இது புதிதா என்ன? 1960இல் உங்கள் ஊர்க்காரர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், பாட்டாளிகள் மாதம் 10 வெள்ளி கட்டி 100 வெள்ளிப் பங்கு சேர்த்துத்தான் தோட்டங்களையே வாங்கினார்கள்.

கடனுக்கு, சிறுதொழில் கடன் தரும் அமைப்புகளான தெக்குன், அமானா இக்தியார் இரண்டிலும் விசாரியுங்கள். அதற்கு முன் எஸ்எஸ்எம் எனும் நிறுவன ஆணையத்தில் வியாபாரப் பதிவை முடித்துவிடுங்கள், கடைப் பெயரில் என்றால் வருடம் 60 வெள்ளிதான்.