கோட்டை வாசல் கயல்

கேள்வி: அக்கா, 2004 சுனாமியில் என் தம்பியைக் கடல் கொண்டுபோனது. அப்போது எனக்கு எட்டு வயது. அன்றிலிருந்து எந்தச் சந்தோஷத்தைப் பார்த்தாலும் அதன் முடிவும் சேர்ந்தே தெரிகிறது. மனிதர் இழப்பதற்கென்றே பிறந்தவர்கள் என்று தோன்றுகிறது. "எப்ப பார்த்தாலும் நெகட்டிவ்வாத்தான் கதைக்கிறாய்" என்கிறார்கள் வேலைத்தலத்தில். இப்போது கல்யாணம் பேசி வந்திருக்கிறது. இந்த மனதோடு ஒருவரைக் கட்டலாமா? இது நோயா?
(பெயர் வேண்டாம், திருகோணமலை)

பதில்: அன்புத் தங்கச்சி, உங்களைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் பார்ப்பது உண்மை. "நல்லதையே நினை" என்கிறவர்கள் அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் கண்டதைக் காணவில்லை என்று சொல்லச் சொல்கிறார்கள்.

கோணேசர் கோயிலுக்கு எத்தனை தரம் போயிருப்பீர்கள்! கோட்டை வாசலுக்குள்ளால்தான் போகவேண்டும். 1620களில் போர்த்துக்கேயர் அந்தப் பழைய கோயிலை இடித்து, அதன் கல்லாலேயே கட்டிய கோட்டை. வாசலில் இணைக்கயல், கல்லில் செதுக்கிய இரட்டை மீன், இன்னும் இருக்கிறது, கூடவே தேய்ந்துபோன தமிழ் எழுத்தும். வெள்ளிக்கிழமை அர்ச்சனைத் தட்டோடு போகிற நம் சனம், இடிந்த கோயிலின் கல்லைக் கடந்துதான் கும்பிடப் போகிறது.

புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியார் ஒரு வீட்டில் சாப்பறையையும் இன்னொரு வீட்டில் மணமுழவையும் கேட்கிறார். இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று திட்டிவிட்டு, "இன்னாது அம்ம இவ்வுலகம்" என்கிறார். அதன் பிறகுதான் "இனிய காண்க இதன் இயல்புணர்ந்தோரே." இந்தக் கடைசி அடியைப் பலர் ஆறுதலாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. இனியதைக் காணச் சொல்வது உலகத்தின் இயல்பை உணர்ந்தவரிடம். உங்களிடம், தங்கச்சி.

திருக்கடலூரில் எனக்குத் தெரிந்த ஒருவர் அதே சுனாமி நாளில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். இன்றும் தொழிலுக்குப் போகிறார். வள்ளத்தைத் தள்ளுமுன் ஒரு கை கடல்நீரை அள்ளி, விரலிடுக்கால் வழிந்து முடியும்வரை பார்த்துக்கொண்டு நிற்பார். "திரும்பவும் கடலை நம்புறீங்களோ அண்ணை?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். "நம்புறேல்லைப் பிள்ளை, தெரியும்" என்றார். யாருடைய வள்ளமாவது வரப் பிந்தினால் முதலில் தேடி இறங்குகிறவர் அவர்தான். மற்றவர்கள் "வந்திடுவான்" என்று கரையில் இருப்பார்கள். அவரால் அப்படி இருக்க முடியாது.

நோயா என்று கேட்டீர்கள். சாப்பாடு இறங்காமல், நித்திரை இல்லாமல், விடிவதே பிடிக்காமல், செத்துப்போகலாம் என்ற நினைப்பு வந்தால் அது நோய்தான். உடனே ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைத்துக் கதைக்கலாம். உங்கள் கடிதத்தில் எனக்கு அது தெரியவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை.

கல்யாண விஷயம். ஒளித்து வைத்துக் கட்டாதீர்கள். சம்மதம் சொல்லுமுன் அவரோடு ஒருநாள் கோயிலுக்குப் போங்கள். வாசலில் நின்று அந்தக் கயலைக் காட்டி, தம்பியைப் பற்றியும் சொல்லுங்கள். "அதையெல்லாம் இப்ப ஏன்?" என்று அவசரமாக நடந்தால், வீட்டில் கொஞ்சம் தவணை கேளுங்கள். நின்று, தம்பியின் பெயர் என்ன என்று கேட்டால், எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.