பூஸ்ட்டைக் குறைச்சா மைலேஜ் ஏறுமா?

நண்பரே, பெரிய டர்போவும் இன்ஜெக்டரும் மாத்தின பிறகு மைலேஜ் விழுந்துடுச்சு, பூஸ்ட்டை (டர்போ இன்ஜினுக்குள்ள தள்ளுற காத்தோட அழுத்தம்) 1.2 பார்ல இருந்து 0.7க்கு இறக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. பெட்ரோல் இன்ஜின்தானே, அதை வெச்சே சொல்றேன்.

முதல்ல பூஸ்ட் கேஜைப் பாருங்க. ஒரே வேகத்துல நிதானமா போறப்போ முள்ளு சைபருக்குக் கீழ, வேக்குவம் (வெளிக்காத்தை விடக் கம்மியான அழுத்தம்) பக்கம்தான் நிக்கும். அந்த நேரத்துல டர்போ அழுத்தமே கொடுக்கல, அப்புறம் 1.2ஐ 0.7 ஆக்கி என்ன வந்துடப் போகுது, ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிக்கிறப்போ மட்டும்தான் வித்தியாசம் தெரியும். அடிக்கடி மிதிக்கிற ஆளா இருந்தா கொஞ்சம் மிச்சமாகும், அவ்வளவுதான். அதோட வேஸ்ட்கேட் (பூஸ்ட் அளவுக்கு மேல ஏறாம எக்ஸாஸ்ட் வாயுவை டர்போவைச் சுத்தி விடுற வால்வு) ஸ்பிரிங் எத்தனை பாரோ அதுக்குக் கீழ பூஸ்ட் கன்ட்ரோலரை வெச்சு இறக்கவே முடியாது.

எனக்கு சந்தேகம் எல்லாம் டியூன் மேலதான், அதாவது ஈசியூங்கிற இன்ஜின் கம்ப்யூட்டர்ல போட்டிருக்குற செட்டிங் மேல. வைட்பேண்ட் (காத்து-பெட்ரோல் விகிதத்தை அளக்குற சென்சார்) மாட்டி க்ரூஸ்ல, அதாவது ஒரே வேகத்துல போறப்போ ரீடிங் பாருங்க, ஒரு பங்கு பெட்ரோலுக்கு காத்து 14.7 பங்கு கிட்ட இருக்கணும், 13ன்னு காட்டினா பெட்ரோல் அங்கதான் கொட்டுது. இன்ஜெக்டர் மாத்தினவங்க அதோட அளவை ஈசியூல சரியா போடலைன்னாலும், ஆக்ஸிஜன் சென்சார் பழசாகி மந்தமா இருந்தாலும், க்ளோஸ்ட் லூப்பையே (அந்த சென்சாரைப் பார்த்து ஈசியூ பெட்ரோலை தானா சரி பண்ற முறை) ஆஃப் பண்ணி விட்டிருந்தாலும் இப்படித்தான் ஆகும். லோடு கம்மியா இருக்குற இடத்துல இக்னிஷன் டைமிங்கை (ஸ்பார்க் அடிக்கிற நேரம்) ரொம்பத் தாமதமா பின்னால இழுத்து வெச்சிருந்தா அதுவும் மைலேஜைத் தின்னும், இதை நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல.

இன்டர்கூலர் (டர்போ தள்ளுற காத்தைக் குளிர வைக்கிற ரேடியேட்டர்) ஹோஸ்ல லீக் இருக்கான்னு, உள்ள புகையை விட்டுப் பார்க்குற ஸ்மோக் டெஸ்ட் ஒண்ணு பண்ணிடுங்க. க்ரூஸ்ல ஈசியூ ரீடிங்கை எல்லாம் பதிவு பண்ணி லாக் எடுத்து இங்க போடுங்க, பார்த்துட்டு சொல்றேன்.