படையிலிருந்து கட்டாயமாக அனுப்பினால்: கேள்வி பதில்

கே: ஹவில்தார் சார். நாலு ரெட் இங்க் என்ட்ரி (சர்வீஸ் பதிவில் சிவப்பு மையில் ஏறும் தண்டனை) இருக்கிறது, ஏன் டிஸ்சார்ஜ் செய்யக் கூடாது என்று ஷோகாஸ் நோட்டீஸ் வந்திருக்கிறது. நேரே சென்னை ராணுவத் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா?

ப: அவசரப்படாதீர்கள் தம்பி. இன்னும் உத்தரவே வரவில்லை. முதல் வேலை நோட்டீசுக்கு எழுத்தில் பதில் கொடுப்பது. நாலு என்ட்ரி விழுந்தாலே வெளியே அனுப்பியாக வேண்டும் என்று கட்டாயமில்லை. 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எத்தனை வருட சர்வீஸ், எந்தெந்தக் கஷ்டமான இடங்களில் போஸ்டிங் என்பதையும் பார்க்க வேண்டும். அதையெல்லாம் பதிலில் வரிசையாக எழுதுங்கள். பனிமலையில் இருந்த வருடங்களைச் சொல்ல வெட்கப்படாதீர்கள்.

அதையும் மீறி உத்தரவு வந்தால், ராணுவச் சட்டத்தின் 26-வது பிரிவின் கீழ் மேலதிகாரிகளிடம் புகார் மனு. அதிகாரிகளுக்கு 27-வது பிரிவு. அதன்பிறகுதான் தீர்ப்பாயம். தீர்ப்பாயத்தை அமைத்த 2007 சட்டத்தின் 21-வது பிரிவு, துறைக்குள் இருக்கும் வழிகளைப் பார்த்துவிட்டு வா என்கிறது. மனு மீது இறுதி உத்தரவு வரவேண்டும், அல்லது மனு கொடுத்து ஆறு மாதம் பதிலில்லாமல் கழிய வேண்டும். மனு கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். இல்லையென்றால் ஆறு மாதத்தை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது?

கே: எனக்கு அடுத்த மாதமே ரிலீஸ். ஆறு மாதம் எப்படிக் காத்திருப்பது?

ப: "சாதாரணமாக" ஏற்காது என்றுதான் பிரிவு சொல்கிறது, கதவைச் சாத்தவில்லை. மனுவை இன்றே கொடுத்து, நகலையும் ஒப்புகையையும் இணைத்து, அவசரத்தைக் காட்டித் தீர்ப்பாயத்தில் டிஸ்சார்ஜுக்குத் தடை கேளுங்கள். கிடைப்பது உங்கள் ஆவணங்களைப் பொறுத்தது.

கே: மத்திய ரிசர்வ் போலீஸ். எனக்கும் இதுதானா?

ப: இல்லை. தீர்ப்பாயம் தரைப்படை, கடற்படை, விமானப்படைக்குத்தான். உங்களுக்கு உங்கள் படை விதிப்படி மேல்முறையீடு, பிறகு உயர் நீதிமன்றம்.

கே: தீர்ப்பாயம் எதற்கு சார்? அரசியலமைப்பின் 226-வது பிரிவில் நேரே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால் போதும் என்கிறார் எங்கள் வக்கீல்.

ப: பாதி சரி. தீர்ப்பாய உத்தரவுக்கு எதிராக உயர் நீதிமன்றம் ரிட்டை எடுக்கக் கூடாது என்றது 2015-ல் உச்ச நீதிமன்றத்தின் வேறொரு தீர்ப்பு. 2023-ல் உச்ச நீதிமன்றமே அதைத் திருத்தி, 226 அதிகாரத்தைச் சுருக்க முடியாது என்றது. சிப்பாய்க்கு இது பெரிய நிம்மதி. உச்ச நீதிமன்ற மேல்முறையீட்டுக்குப் பொது முக்கியத்துவமுள்ள சட்டக் கேள்வி வேண்டும். எத்தனை டிஸ்சார்ஜ் வழக்கில் அது இருக்கும்? ஆனால் இந்த ரிட் தீர்ப்பாயத்துக்குப் பிறகு. முதலிலேயே போனால் "அங்கே போய் வா" என்று திருப்பி அனுப்புவார்கள்.

கே: அந்த வக்கீல்தான் கேட்கிறேன் சார். அடிப்படை உரிமை மீறல் என்றால்?

ப: அதையும் தீர்ப்பாயத்திலேயே எழுப்பலாம் வக்கீல் சார். போதும்.

கே: மனு தள்ளுபடியாகி ஒரு வருடம். மறுபடி மனு போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ப: நிறுத்துங்கள்! இறுதி உத்தரவிலிருந்து ஆறு மாதம்தான் கெடு. திரும்பத் திரும்ப மனு போட்டால் கெடு நீளாது. தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் மன்னிக்கச் சொல்லி விண்ணப்பத்தோடு தாக்கல் செய்யுங்கள்.

கே: கமாண்டிங் ஆபீசரிடம் வாயால் சொன்னேன். அது போதுமா?

ப: போதாது. மேலே ஒப்புகை பற்றி எழுதியதைப் படியுங்கள்.