புதுமைக்குப் போட்ட பணம் லாபமாகத் திரும்புகிறதா என்று ஒரு சிறு தொழில் எப்படி அளப்பது? அதை எப்படிக் கூட்டுவது?

கேட்டிருப்பவர் தொண்டிப் பக்கம் கருவாட்டுப் பாக்கெட்டும் மீன் ஊறுகாயும் போடுகிறவர். புது மெஷின், புது லேபிள், ஆன்லைன் விற்பனை என்று வரிசையாகப் பணம் போட்டாராம். எது சம்பாதித்துக் கொடுத்தது, எது தின்று தீர்த்தது என்று தெரியவில்லை என்கிறார். நான் ராமநாதபுரத்தில் கணக்கு எழுதுகிறவன். மண்டபத்திலிருந்து தொண்டி வரை கருவாடு, நண்டு, பாசி வியாபார நோட்டுகள்தான் என் மேசையில் அதிகம் கிடக்கும்.

முதலில் ஒன்று கேளுங்கள். இந்தப் புதுச் சமாச்சாரம் இல்லாமலே இருந்திருந்தால் இந்த வருஷம் எவ்வளவு வந்திருக்கும்? அதைக் கழித்துப் பாக்கி நிற்பதுதான் புதுமையின் வரவு. பலரும் இதைக் கழிப்பதே இல்லை.

தங்கச்சிமடத்தில் ஒரு அக்கா கருவாடு போடுகிறார். மூன்று லட்சம் போட்டு சோலார் டிரையர் கூடாரம் கட்டினார். (தொகைகளை முழுசாக்கி, கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன்.) "தம்பி, மாசம் நாப்பதாயிரம் கூடுதலா வருது, எழுதிக்க" என்றார். அந்த வருஷம் மணலில் காயப்போட்டவருக்கும் நெத்திலிக் கருவாடு விலை ஏறித்தான் இருந்தது. அந்த ஏற்றம் டிரையரின் சாமர்த்தியம் இல்லையே.

அதனால் ஒரே வள்ளத்தில் வந்த நெத்திலியைக் கூடை கூடையாகப் பாதி பிரித்தோம். பாதி வழக்கம்போல மணலில் வலை விரித்து, பாதி டிரையருக்குள். இரண்டையும் ஒரே வியாபாரியிடம் கொடுத்தோம். அவர் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்து, மணல் உதிர்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வார். டிரையர் சரக்குக்குக் கிலோவுக்கு 40 ரூபாய் கூடப் போட்டார். மாதம் 400 கிலோ என்றால் 16,000. கூடுதல் கூலி, பழுது 4,000 போக 12,000.

அதையும் பன்னிரண்டு மாதத்தால் பெருக்கக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு இறங்காது. நாட்டுப்படகு மீனுக்கு அப்போது பச்சையாகவே நல்ல விலை, கருவாட்டுக்கு யார் கொடுப்பார்கள்? ஐப்பசி, கார்த்திகையில் காற்றடித்தால் கடலுக்கே போக முடியாது. கூடாரம் நிறைந்து ஓடியது எட்டு மாதம். 96,000. மூன்று லட்சமும் மாசம் நூற்றுக்கு ரெண்டு வட்டிக்கு வாங்கிய கடன், வருஷத்துக்கு வட்டி மட்டும் 72,000. மிச்சம் 24,000.

இந்தக் கணக்கில் அசல் வந்துசேரப் பன்னிரண்டு வருஷத்துக்கு மேலாகும். கடல் காற்றில் கூடாரத்து ஷீட் அவ்வளவு நாள் தாங்குமா?

அக்கா இன்னொரு கூடாரம் போடும் யோசனையில் இருந்தார், பெரிதாகப் போட்டால் லாபமும் பெருகும் என்று. வேண்டாம், இருப்பதை வைத்து விலையைக் கூட்டப் பாருங்கள் என்றேன். தரம் பிரித்து, தலை கிள்ளி, கால் கிலோ பாக்கெட் போட்டு மதுரைக் கடைகளுக்கு நேரே அனுப்ப ஆரம்பித்தார். கிலோவுக்கு வித்தியாசம் 70 ஆனது. பாக்கெட் செலவு 4,000 கூடினாலும் மாதம் 20,000 நின்றது. எட்டு மாதத்துக்கு 1,60,000, வட்டி போக 88,000. புது மெஷின் எதுவும் வாங்கவில்லை, கையால் ஒட்டும் சீலர் ஒன்றைத் தவிர. வருமானத்தைக் கூட்டுவது எப்படி என்பதற்கு நான் பார்த்தவரை இதுதான் பதில்: பெரும்பாலும் பணம் கண்டுபிடிப்பில் இல்லை, அதை விற்கும் விதத்தில் இருக்கிறது. (காலி நாளில் அதே கூடாரத்தில் முண்டு மிளகாய் காயவைக்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். நெத்திலி வாசத்தோடு மிளகாயை யார் வாங்குவார்?)

அடுத்து, பணத்தை எப்படி இறக்குகிறீர்கள் என்பது. கடலில் மிதவை கட்டி வளர்க்கும் கப்பாபைகஸ் பாசியை எடுத்துக்கொள்ளுங்கள், நம் கரையில் பெப்சி பாசி என்றால்தான் புரியும். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையில் 60 கிலோ விதைப்பாசி கட்டினால் 45 நாளில் அறுவடை. நாலைந்து மிதவையில் தொடங்கி, ஒவ்வொரு அறுப்புக்கும் பிறகு கூட்டலாமா நிறுத்தலாமா என்று முடிவு பண்ணலாம். ஆனால் நல்ல வருஷத்தை மட்டும் வைத்துச் சராசரி போடாதீர்கள். 2013-14 வாக்கில் கடல் சூடேறிப் பாசி கூட்டம் கூட்டமாக அழிந்ததையும் சேர்த்துத்தான் போட வேண்டும்.

இதற்கு நேர் எதிர், 2017-இல் ராமேசுவரத்தில் தொடங்கிய ஆழ்கடல் படகுத் திட்டம். இழுவைப்படகைக் கொடுத்துவிட்டுச் சூரை மீன் பிடிக்கும் தூண்டில் படகு வாங்குவது. அப்போது விலை 80 லட்சம். மத்திய அரசு 40, மாநில அரசு 16, வங்கிக் கடன் 16, மீனவர் கைப்பணம் 8 லட்சம். எட்டு லட்சத்தை வைத்து மட்டும் கணக்குப் பார்த்தால் பிரமாதமாகத் தெரியும். ராத்திரி போய்க் காலையில் திரும்பிப் பழகியவர் வாரக்கணக்கில் கடலில் கிடக்க டீசல், ஐஸ், இரை, ஆள் கூலி எல்லாவற்றுக்கும் கையில் ரொக்கம் வேண்டும். அது அந்த 80 லட்சத்துக்குள் வராது. பாதி இறக்கிப் பார்த்துவிட்டு நிறுத்தவும் வழியில்லை. பலர் தயங்கினார்கள் என்றால் அதில் நியாயம் இருக்கிறது.

மானியக் கணக்கை எப்போதும் இரண்டு தடவை போடுங்கள், சேர்த்து ஒரு தடவை, எடுத்துவிட்டு ஒரு தடவை. சிறு உணவுத் தொழிலுக்கென்று 2020-இல் வந்த பிஎம்எப்எம்இ என்ற மத்திய அரசுத் திட்டத்தில் 35 சதவீதம், உச்சம் 10 லட்சம் மானியம் என்று வைத்தார்கள். மானியம் இல்லாமல் நஷ்டம் காட்டும் மெஷின், மானியப் பணம் தீர்ந்த பிறகும் கரண்ட் பில் கேட்கும்.

பெரிய கம்பெனிகள் மொத்த விற்பனையில் புதுப் பொருளின் பங்கு எவ்வளவு என்று பார்ப்பதுண்டு. அமெரிக்காவின் 3எம் நிறுவனம் 1990-களில் கடைசி நாலு வருஷத்தில் வந்த பொருள்களிடமிருந்து 30 சதவீதம் வர வேண்டும் என்று இலக்கு வைத்திருந்தது. நமக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது, லேபிளை மாற்றியே அந்த எண்ணை ஏற்றிவிடலாம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மெஷின், லேபிள், ஆன்லைன் மூன்றுக்கும் நோட்டில் தனித்தனிப் பக்கம் போடுங்கள். தோற்ற சோதனைச் சரக்கு, நீங்கள் அலைந்த நாளின் கூலி எல்லாம் செலவில் ஏறட்டும். "மாசி முடிய இவ்வளவு வராவிட்டால் நிறுத்துவேன்" என்று அந்தப் பக்கத்தின் மேலேயே எழுதி வையுங்கள். ஆன்லைன் பக்கத்தில் கூரியர், திரும்பி வந்த பாக்கெட், விளம்பரம் மூன்றையும் கழித்த பிறகு, வாங்கியவர் பெயர்களைப் பழைய போன் ஆர்டர் நோட்டோடு ஒத்துப் பாருங்கள். ஏற்கெனவே உங்களிடம் வாங்கிக்கொண்டிருந்தவர்தான் இப்போது ஆன்லைனில் வாங்குகிறார் என்றால் அதை வரவில் சேர்க்காதீர்கள், கூரியரை மட்டும் செலவில் ஏற்றுங்கள்.