கையால் செய்யும் மின்னிசைக் கருவிகளுக்கு உதிரிபாகம்: கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் என் பட்டறையில் சின்தசைசர் (மின்னணு முறையில் ஒலி உண்டாக்கும் கருவி) மாட்யூல்களும், அதிர்வை மின்னலையாக மாற்றும் பீசோ தட்டு வைத்த கருவிகளும் செய்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்; கேட்டவரின் ஊரை முன்னால் போட்டிருக்கிறேன். எல்லோருக்கும் முதலில் ஒன்று: எதை வாங்கும் முன்னாலும் வெர்னியர் காலிப்பரால் அளந்துவிடுங்கள்.

சாட்ஸ்வர்த்: அண்ணா, வெளிநாட்டிலிருந்து வாங்கிய நாப் (திருகும் குமிழ்) பொட்டன்ஷியோமீட்டர் (திருகி மாற்றும் மின்தடை) தண்டில் ஏறவில்லை. ஏன்?

தண்டு 6 மி.மீ. இருக்கும், 6.35 மி.மீ. என்கிற கால் அங்குலமும் இருக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வழவழப்பான உருண்டை, ஒரு பக்கம் தட்டையாக வெட்டியது, பல் வெட்டியது என்று மூன்று வடிவம் வேறு. நாப் விலையை விட அனுப்பும் செலவு அதிகம். தவறாக வாங்கினால் இரண்டும் போச்சு. அளந்துவிட்டு வாங்குங்கள்.

பீனிக்ஸ்: உடுக்கையில் பீசோ தட்டு ஒட்டி மிக்சரில் செருகினேன். தகரத்தைத் தட்டுவதுபோல் கேட்கிறது. நல்ல பீசோ எங்கே கிடைக்கும்?

பீசோவை மாற்ற வேண்டாம், அதில் குறையில்லை. 27 மி.மீ. பித்தளைத் தட்டு ஏறக்குறைய 20 நானோஃபாரட் மின்தேக்கி மாதிரி நடந்துகொள்ளும். மிக்சரின் லைன் உள்ளீடு 10 கிலோ ஓம் என்றால் சுமார் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதெல்லாம் தேய்ந்துபோகும். உடுக்கையின் உயிரே அந்த அடிநாதத்தில்தான் இருக்கிறது. நடுவில் 1 மெகா ஓம் உள்ளீடு கொண்ட ஒரு பஃபர் (ஒலியலையைத் தேயாமல் கடத்தும் சிறு மின்சுற்று) வையுங்கள், 8 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். ஒரு ஜெஃபெட் டிரான்சிஸ்டரும் நாலைந்து சில்லறைப் பாகமும் போதும். தட்டைத் தோலில் ஒட்டாதீர்கள், தோலின் அசைவை அடக்கிவிடும். கட்டையின் உள்புறம் ஒட்டுங்கள். பீசோ வேண்டுமென்றால் பழைய புகை அலாரத்திலும் பாடும் வாழ்த்து அட்டையிலும் கிடைக்கும்.

வெருலம்: யூரோராக் (சின்தசைசர் மாட்யூல்களுக்கான பொது அளவுமுறை) தகட்டின் அளவு?

உயரம் 128.5 மி.மீ. அகலம் 5.08 மி.மீட்டரின் மடங்குகள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்: பழைய ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பிரிங் ரிவெர்ப் டேங்க் (கம்பிச்சுருளால் எதிரொலி தரும் பெட்டி) கழற்றினேன். என் மாட்யூலுக்கு ஒத்துவருமா?

அக்குட்ரானிக்ஸ் நிறுவன வகையென்றால் பெட்டியில் ஒரு குறியீடு இருக்கும். முதலில் எண், அடுத்த எழுத்து உள்ளீட்டு மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கான தடை). எண் 4 ஆனால், ‘ஏ’ என்றால் 8 ஓம், ‘எஃப்’ என்றால் 1475 ஓம். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுதான். 8 ஓமை ஓட்ட ஒரு சின்ன பவர் ஆம்ப் வேண்டும். குறியீடு அழிந்திருந்தால் மல்டிமீட்டரால் அளந்து எழுதுங்கள். ஓம் மதிப்பு இதைவிடக் குறைவாகக் காட்டும், பயப்பட வேண்டாம்.

உம்லாசி சாலைப் பக்கம்: கலிம்பா (கட்டைவிரலால் மீட்டும் ஆப்பிரிக்க இசைக்கருவி) நாக்குக்கு எஃகு எங்கே கிடைக்கும்?

தெருப் பெருக்கும் இயந்திரத்தின் தூரிகையிலிருந்து விழும் தட்டைக் கம்பி அருமையான எஃகு. சாலையோரத்தில் பார்த்தால் பொறுக்குங்கள். நம் கடற்கரைக் காற்றில் சீக்கிரம் துருப்பிடிக்கும், எண்ணெய் தடவிவையுங்கள்.

சாட்ஸ்வர்த் (இன்னொருவர்): நாப் தண்டில் ஏறவில்லை...

மேலே முதல் பதிலைப் படியுங்கள். அளந்துவிட்டு எழுதுங்கள்.

லெனேசியா: மைக்ரோவேவ் அவனில் நல்ல டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதாமே?

தொடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள மின்தேக்கி ஆளைக் கொல்லும்.

டோங்காட்: ஐயா, கொள்ளுத்தாத்தாவின் ஆர்மோனியம் வீட்டில் செத்துக் கிடக்கிறது. ரீடுகளை (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் பித்தளை நாக்குகளை) கழற்றி, காற்று ஊதியும் ஒலியைப் பிடிக்கும் பிக்கப்பும் வைத்து ஒரு சுருதி இயந்திரம் செய்யப்போகிறேன். ரீடை எப்படிக் கழற்றுவது?

கழற்றாதே தம்பி. புது ரீடுகள் வாங்கலாம். குஜராத்தில் பாலிதானா என்ற ஊர் ஆர்மோனியம் ரீடுக்கே பேர்போனது. உன் இயந்திரத்துக்கு அதுதான் சரி. காற்றுக்குச் சாதாரண மின்விசிறி போதாது, அழுத்தம் வராது. மையவிலக்கு புளோயர் பார்.

டோங்காட்: சும்மா கிடப்பதை விட என் கருவியில் பாடட்டுமே?

ஸ்டாங்கர்: தம்பி சொல்வதுதான் நியாயம் ஐயா. பரணில் கரையான் தின்பதற்கா வைத்திருக்கிறோம்?

இருவருக்கும் சொல்கிறேன். பரணில் போடச் சொல்லவில்லை, பாட வைக்கச் சொல்கிறேன். என்னிடம் செத்ததென்று வந்த பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குத் தூசிதான் நோய். ரீடின் நாக்குக்கு அடியில் மெல்லிய காகிதத்தைச் செருகி இழுத்தால் பாதி சுரம் திரும்பிவரும். துருத்தித் துணியும் தோலும் கிழிந்திருந்தால் மாற்றலாம். ஆனால் ரீடின் நுனியைச் சுரண்டினால் சுரம் ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். சுரண்டிய பித்தளை திரும்பி வராது. அந்தச் சுருதி யாரோ ஒருவர் காதால் வைத்தது. கரும்புத் தோட்டத்தில் உழைத்துவிட்டு வந்து பஜனைக்கு வாசித்த பெட்டியாக இருந்தால், இந்த ஊரில் நம் பாட்டு எப்படி ஒலித்தது என்பதற்கு அதுதான் சாட்சி. மின்னொலிதான் வேண்டுமென்றால் பெட்டியின் உள்பலகையில் பஃபரோடு ஒரு பீசோவை, களிமண் போல் பிசையும் ஒட்டுப் பசையால் ஒட்டு. நாளை எடுத்துவிடலாம், தழும்பு இருக்காது.

டோங்காட்: மேல்பலகையைத் திறந்துவிட்டேன் ஐயா. மூன்று ரீடு உடைந்திருக்கிறது.

உடைந்த மூன்றுக்கும் நீளம், அகலம் அளந்து எழுது. அந்த மூன்றை மட்டும் புதிதாக வாங்கலாம். மற்றவற்றில் ஸ்குரூடிரைவர் வைக்காதே. சனிக்கிழமை காலையில் பெட்டியைப் பட்டறைக்குக் கொண்டு வா, சேர்ந்து பார்ப்போம்.